இரண்டு தூளிகளுக்கு நடுவில்

நாற்பத்தொன்று. மர்பி டவுனில் உள்ள அந்த இரண்டு அறை வீட்டில், பதினோரு ஆண்டுகளில், தவழ்ந்து, நடை பழகி, பள்ளிக்கூடம் போன குழந்தைகளின் எண்ணிக்கை இது. வனஜாவைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வார். சில குழந்தைகள் முதல் சொல்லைப் பேசியதே அந்த வீட்டில்தான். ஆனால் அதை அவர் பெற்றோரிடம் சொன்னதில்லை. சாயங்காலம் அம்மா முன்னால் மறுபடி சொல்லட்டும், அவர்களுக்கு அதுவே முதலாக இருக்கட்டும் என்று விட்டுவிடுவார்.

இந்தக் கணக்கில் மகா சேர்த்தி இல்லை. மகா அவர் பெற்ற பெண். வயது பத்தொன்பது. பிறக்கும்போது மூச்சு முட்டியதில் கைகால் விறைத்துப்போனது. நடக்க முடியாது. இடது கை மட்டும் ஓரளவு சொன்னபடி கேட்கும். பேச்சு உண்டு. ஒவ்வொரு சொல்லாக, நடுவில் இடைவெளி விட்டு, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ள வரும். பழகியவர்களுக்கு எல்லாம் புரியும்.

மகாவுக்காகத்தான் குழந்தைகள் காப்பகமே ஆரம்பித்தது. அதற்கு முன் வனஜா ஓர் அலுவலகத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தார். மகாவுக்கு எட்டு வயதானபோது அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாமல் போனது. தூக்கிக்கொண்டு போகவும் முடியவில்லை. வீட்டை விட்டு நகராமல் செய்யக்கூடிய ஒரே வேலை, மற்றவர்களின் குழந்தைகளை வீட்டுக்குள் கொண்டுவருவது. ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த கணவர் கொரோனாவில் இறந்த பிறகு, அதுதான் சோறு.

இந்த ஜூனில் நான்கு பேர் ஒன்றாகப் பள்ளிக்குப் போய்விட்டார்கள். வழக்கமாக ஒன்று போனால் ஒன்று வரும். இந்த வருஷம் வரவில்லை. பெரிய ரோட்டில், கண்ணாடிக் கதவு போட்டு, கேமரா வைத்து, அம்மா ஆபீஸிலிருந்தே போனில் குழந்தையைப் பார்க்கலாம் என்று ஒரு டேகேர் திறந்திருந்தது. வனஜாவிடம் மிச்சம் இருந்தது அன்னாவின் இரட்டையர்கள் மட்டும்: ஜோயல், ஜோவன்னா. எட்டு மாதம். அன்னா நர்ஸ். மாதக் கடைசியில் அவர்களும் ஹைதராபாத் போகிறார்கள்.

ஜூலையில் ஒரு தம்பதி பார்க்க வந்தார்கள். தரையில் மெத்தையில் படுத்திருந்த மகாவைப் பார்த்ததும் அந்தப் பெண் வாசற்படியில் வைத்த காலைப் பின்னால் எடுத்துவிட்டார். "இவங்களும் இங்கியேதான் இருப்பாங்களா?" என்று கேட்டார். போன் பண்ணுகிறோம் என்றார்கள். பண்ணவில்லை.

சந்தாபுராவில் இருக்கும் வனஜாவின் அண்ணன் சிவசங்கரன் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். கெட்ட மனுஷன் இல்லை. அவர் வீட்டுப் பக்கம், இப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு ஹோம் இருக்கிறது. இரண்டு வருஷமாகச் சொல்லி வைத்து இப்போது ஓர் இடம் காலியாகியிருந்தது.

"எத்தன நாளும்மா தள்ளுவ? அங்க டாக்டர் வராரு, பிசியோ இருக்கு. நீ மறுபடியும் வேலைக்குப் போலாம். செவ்வாக்கெழம வண்டி சொல்லிட்டேன்."

"ண்ணா, சனிக்கெழம சில பேர் பாக்க வராங்க. யாராச்சும் சேந்துட்டா?"

"சேந்தா சொல்லு, வண்டிய நிறுத்திடறேன். ஆனா அந்த பெட்டு அப்புறம் கெடைக்காது, ஆமா."

அதை ஸ்பீக்கரில் போட்டுப் பேசியது வனஜாவின் தவறு. மகா கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள்.

சனிக்கிழமை ஏற்பாடு அன்னாவுடையது. தன் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் வந்து பாருங்கள், பதினோரு மணிக்கு, என்று எழுதிப் போட்டிருந்தார். மூன்று வீட்டார் வருவதாகப் பதில் வந்தது.

வனஜா வெள்ளிக்கிழமையே வீட்டைக் கழுவினார். சுவரில் யானையும் பலூனும் ஒட்டினார். சனிக்கிழமை காலை கேசரி கிண்டினார். சுவரை ஒட்டிய பக்கத்து வீட்டு டோரதி வந்து எட்டிப் பார்த்தார். அவர் ஒரு கான்வென்ட்டில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"இன்னாடி இது? பொண்ணு பாக்க வர மாதிரி கேசரி! வடை எங்க? பூ எங்க?"

"சும்மா இருக்கா நீ. சக்கர போட்டனான்னே ஞாபகம் இல்ல எனக்கு."

"போட்டிருப்ப. மாப்ள வீட்டுக்காரங்க கேட்டா ரெண்டு பாட்டும் பாடு."

வனஜா சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "மகாவ உன் வூட்டுல வெச்சிக்கிறியாக்கா? அவங்க போற வரைக்கும்" என்றார்.

டோரதியின் முகம் மாறியது. "அவளுக்கு எல்லாம் புரியும்டி."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அவள வெச்சிக்கறதுக்குத்தானேக்கா அவள மறைக்கறேன். எனக்கு வேற வழி தெரில."

டோரதி மகாவைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனார். மகா அழவில்லை, கத்தவில்லை. வாசலைத் தாண்டும்போது இடது கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது. எடுத்துவிட்டது வனஜா.

மெத்தையைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அந்த மெத்தை கிடக்கும் இடத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். முன்னறைக் கூரையில் இரண்டு இரும்புக் கொக்கிகள், அவற்றில் இரண்டு சேலைத் தூளிகள். நடுவில் மகாவின் மெத்தை. வனஜா பின்னால் சமையல் செய்யும்போதும் துணி அலசும்போதும் தூளிகள் அவர் கண்ணில் படாது. மகாவின் கண்ணில் படும். ஒரு தூளி அசைந்தால் போதும், குழந்தை அழுவதற்கு முன்பே "லெஃப்ட்டு" என்றோ "ரைட்டு" என்றோ மகாவின் குரல் வரும். பஸ் கண்டக்டர் மாதிரி. கண்ணை மூடியிருந்தாலும் அழுகையை வைத்தே எந்தத் தூளி என்று சொல்லிவிடுவாள். வனஜா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவார். பதினோரு வருஷமாக அந்த வீட்டின் ஏற்பாடு இதுதான்.

அடுத்து அவர் செய்ததுதான் பெரிய பிழை. அதைப் பிழை என்று அந்தத் தெருவில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அழுகிற குழந்தையைப் பார்த்துவிட்டு எந்த அம்மா தன் குழந்தையை விட்டுப் போவாள் என்று நினைத்தார் வனஜா. இரட்டையர்களுக்கு எண்ணெய் தேய்த்து, கைகாலை நீவி, வெந்நீரைத் தலைக்கு ஊற்றினார். சாம்பிராணி காட்டினார். வயிறு முட்ட ராகிக் கூழ் ஊட்டித் தூளியில் போட்டார். தலைக்கு ஊற்றின குழந்தை எப்படித் தூங்கும் என்று அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். இடி விழுந்தாலும் எழாது.

பதினோரு மணிக்கு வந்தவர்கள் முதலில் கவனித்தது அமைதியை.

முதல் தம்பதி வாசலில் சாம்பிராணி வாடை பட்டதுமே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐந்து நிமிஷம் நின்று, பார்க்கிங் சரியில்லை என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்கள். மிஞ்சியது, ஏழு மாதக் குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்திருந்த ஸ்ரேயாஸ், அவர் மனைவி நிருபமா, அப்புறம் தனியாக வந்திருந்த பார்கவி. பார்கவி ஈரோட்டுக்காரர். ஐந்து மாதப் பையனை நெஞ்சோடு கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவன் பெயர் நிலவன். தூக்கமில்லாத கண்கள் இருவருக்கும்.

வனஜா மனப்பாடம் செய்திருந்ததைச் சொன்னார். பால் பாட்டிலை எப்படிக் கொதிக்க வைப்பார், காய்ச்சல் வந்தால் யாருக்கு முதல் போன், எத்தனை மணிக்கு எது. நடுவில் மறந்துபோய், சொன்னதையே திரும்பச் சொன்னார்.

"ஹெல்ப்பர் யாராச்சும் இருக்காங்களா?" என்றார் நிருபமா.

"இல்ல மேடம். நான்தான். நானே பாத்துக்குவேன்."

பார்கவி எழுந்து சமையலறைக்குள் போய் நின்றார். அங்கிருந்து முன்னறையைப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"அங்கிருந்து தொட்டில் தெரியலைங்களே. நீங்க சமைக்கறப்ப யாருங்க பாக்கறது?"

வனஜாவின் வாய் திறந்தது. பதில் நாக்கில் இருந்தது. இரண்டெழுத்துப் பெயர். சுவருக்கு அந்தப் பக்கம் அது உட்கார்ந்திருந்தது.

"காது கொடுத்துட்டே இருப்பேன்" என்றார்.

"வீட்ல வேற யாரும் இல்லீங்களா?"

"யாரும் இல்ல."

இதற்குள் ஸ்ரேயாஸ் இடது தூளியின் சேலையை விலக்கி ஜோயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தை விரலால் தொட்டார். அசைவில்லை. மெதுவாகத் தட்டினார். அசைவில்லை. அந்த நேரம் பார்த்து நிருபமாவின் முழங்கை பட்டுக் கேசரித் தட்டு தரையில் விழுந்தது. எவர்சில்வர் தட்டு, சிமெண்ட் தரை. தெருவுக்கே கேட்டிருக்கும். நிலவன் துள்ளி விழுந்து வீறிட்டான். தூளிகள் இரண்டும் அப்படியே தொங்கின.

ஸ்ரேயாஸ் நிமிர்ந்து கன்னடத்தில் கேட்டார். "ஏனு கொட்டித்தீரா ஆன்ட்டி? மெடிசின் ஏனாதரு?"

என்ன கொடுத்தீர்கள், மருந்து ஏதாவதா. கேள்வி வனஜாவுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அய்யோ, இல்ல சார். தலெகெ நீரு ஹாக்கிதே, அஷ்டே. எண்ண தேச்சு தலைக்கு ஊத்துனேன் சார், அவ்ளோதான். நல்லா தூங்கும்னுதான்..."

"எல்லாரையும் பாக்க வரச் சொன்ன அன்னிக்கு எதுக்கு தூங்க வைக்கணும்?" என்றார் நிருபமா. குரலில் கோபம் இல்லை. பயம் இருந்தது. அதுதான் மோசம்.

நியூஸில் பார்த்திருக்கிறார்கள். குழந்தை தொந்தரவு செய்யாமல் இருக்க இருமல் மருந்து கொடுத்துத் தூங்கவைக்கும் இடங்களைப் பற்றி. கைக்குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போகப்போகிற ஒருத்தி அதையெல்லாம் பார்க்காமல் இருக்க முடியாது. அவர்கள் சந்தேகத்தில் தப்பில்லை. அன்னாவுக்கு போன் போட்டார் வனஜா. அன்னா டியூட்டியில் இருந்தார், எடுக்கவில்லை.

அப்புறம் வனஜா செய்ததை அவராலேயே இன்னும் நம்ப முடியவில்லை. தூளிக்குள் கைவிட்டு ஜோயலை வாரி எடுத்தார். "பாருங்க, எழுந்துப்பான், பாருங்க" என்று உலுக்கினார். முகத்தில் தண்ணீர் தெளித்தார். பதினோரு வருஷத்தில் தூங்குகிற எந்தக் குழந்தையையும் அவர் எழுப்பியதில்லை. ஜோயல் முதலில் திருதிருவென்று விழித்தான், பிறகு உயிர் போகிற மாதிரி அலறினான். அவன் அலறலில் ஜோவன்னா எழுந்தாள். நிலவன் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தான். மூன்று குழந்தைகளும் கத்த, நடு வீட்டில் ஈரக் கையோடு நின்று, "எழுந்துட்டான் பாருங்க, எழுந்துட்டான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார் வனஜா.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் எழுந்தது. தொண்டையைக் கிழித்துக்கொண்டு வரும் குரல். "ரைட்டு! ரை...ட்டு!"

வலது தூளியில் ஜோவன்னா முட்டிபோட்டு எழுந்து, விளிம்பில் கவிழ இருந்தாள். பார்கவி பாய்ந்து போய் ஒரு கையால் தாங்கிக்கொண்டார்.

"யாரு கத்தறது?" என்றார் ஸ்ரேயாஸ்.

வனஜாவுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு இருந்தது.

"பக்கத்து வூட்டுப் பொண்ணு" என்றார்.

குரல் சட்டென்று நின்றது. மர்பி டவுனில் சுவர்கள் ஒரு செங்கல் கனம்தான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும்.

சற்று நேரத்தில் வாசல் இருண்டது. சக்கர நாற்காலியில் மகா. பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு டோரதி. "என்னால முடியலடி. சேர்லேருந்து உழுந்துருவா போல இருந்தா."

மகா அம்மாவைப் பார்க்கவில்லை. வந்தவர்களைப் பார்த்தாள். இடது கையைத் தூக்கித் தன் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். வாய் இழுத்துக்கொள்ள, ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"பக்கத்து... வூட்டு... பொண்ணு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரிப்பு எப்போதும் கொஞ்சம் சத்தமாகத்தான் இருக்கும். வேறு யாரும் சிரிக்கவில்லை.

ஸ்ரேயாஸும் நிருபமாவும் மரியாதையாகத்தான் விடைபெற்றார்கள். நிருபமா, "பர்வாகில்ல ஆன்ட்டி, டென்ஷன் ஆகாதீங்க" என்றுகூடச் சொன்னார். செருப்பை மாட்டும்போதே, கண்ணாடிக் கதவு டேகேருக்குச் சாயங்காலமே போய்ப் பார்க்கலாமா என்று கணவரிடம் கேட்டது உள்ளே கேட்டது.

பார்கவி மட்டும் போகவில்லை. ஒரு தோளில் நிலவன், மறு தோளில் ஜோவன்னா. இருவரும் ஓய்ந்து விக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இது உங்க பொண்ணுங்களா?"

"ஆமா."

"நான் கேட்டப்ப யாரும் இல்லைன்னீங்க."

"ஆமா. சொன்னேன்."

"சமைக்கறப்ப இவங்கதான் பாக்கறாங்களா?"

வனஜா தலையாட்டினார். அதற்குள் டோரதி, "பதினோரு வருஷமாம்மா. இவ கண்ணுக்குத் தப்பி அந்தத் தூளியில ஈ உக்காராது" என்று ஆரம்பித்தார். வனஜா கையைப் பிடித்து நிறுத்தினார். பிறகு, கேட்காமலே, செவ்வாய்க்கிழமை வரப்போகிற வண்டியைப் பற்றிச் சொன்னார். சொல்லும்போது மகாவின் காதைப் பொத்தலாமா என்பது போல ஒரு கணம் கை போனது. மகா தலையை விலக்கிக்கொண்டாள்.

பார்கவி முழுவதையும் கேட்டார். கண் கலங்கியது. ஆனாலும் சொன்னார்: "எனக்குப் புரியுதுங்க. ஆனா அதுக்காக எம் பையன விட்டுட்டுப் போக முடியாதுங்க. பொய் சொன்னீங்கல்ல, அதான் உறுத்துது. நாளைக்கு இவன் கட்டில்லேருந்து உழுந்தாலும் உழுகலைன்னுதான சொல்லுவீங்க?"

வனஜா ஜோயலை மடியில் கிடத்திக்கொண்டார். ஜோயலின் ஈரத் தலையை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார், காய்ந்த பிறகும்.

"வர்ற வாரம் எனக்கு லீவு முடியுது. எங்கத்தைக்குக் கால் ஆபரேஷன், வர முடியாது. அந்தக் கண்ணாடிக் கதவுல கேட்டுப் பாத்தேன், ஆறு மாசம் ஆகாம எடுக்க மாட்டாங்களாம்." பார்கவி தரையில் சிந்திய கேசரியைத் தாண்டி வாசல்வரை போனார். அங்கே நின்றார். போய்விடுவார் என்றுதான் டோரதி நினைத்தார்.

"திங்கக்கெழம இவனத் தூக்கிட்டு வர்றேன். காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் இங்கியே ஒரு மூலையில உக்காந்துக்கறேன். தலைக்கு ஊத்தாதீங்க, சாம்பிராணி வேண்டாம். அழுகட்டும். இவன் அழுவறப்ப நீங்க என்ன பண்றீங்கன்னு நான் பாக்கோணும். இவங்களும் இருக்கோணும்." கடைசி வாக்கியத்தை மகாவைக் காட்டிச் சொன்னார். "அப்புறம்தான் எதுவும் சொல்லுவேன். சரின்னு இப்பச் சொல்லலைங்க."

மகா நிலவனைப் பார்த்தாள். "பேரு?"

"நிலவன்."

நிலவன் மகாவின் முகத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி மறுபடி அழ ஆரம்பித்தான்.

அன்று மத்தியானம் மகா அம்மா கையால் சாப்பிடவில்லை. டோரதி ஊட்டினார். "நல்லா கேளுடி அவள. நாக்கப் புடுங்கிக்கற மாதிரி கேளு" என்று டோரதி சொன்னபோது மகா அடுத்த கவளத்துக்கு வாயைத் திறந்தாள். வனஜா தரையைத் துடைத்தார். ஒட்டிய யானைப் படங்களில் ஒன்று சாய்ந்திருந்ததைச் சரிசெய்தார். பிறகு நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மகாவின் முட்டியில் தலையை வைத்துக்கொண்டார்.

மகா கேட்டாள். "செவ்வா... போணுமா?"

"தெரிலடா."

பொய் சொல்லாமல் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

மாலையில் அன்னா டியூட்டி முடிந்து வந்து, ஜோயல் எண்ணெயும் சாம்பிராணியுமாக மணப்பதைப் பார்த்து, நடந்ததைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். குழுவில் தன் குழந்தைகளுக்கு எந்த மருந்தும் தரப்படவில்லை என்று எழுதினார். நான்கு பேர் பார்த்தார்கள். யாரும் பதில் போடவில்லை.

வனஜா அண்ணனுக்கு போன் செய்தார். இந்த முறை ஸ்பீக்கரில் போட்டுப் பேசியது வேண்டுமென்றே.

"ஒருத்தங்க திங்கக்கெழம வராங்கண்ணா. சேக்கறேன்னு சொல்லல. வந்து பாக்கறாங்க."

"ஒரு கொழந்த போதுமா உனக்கு?"

"போதாது."

அண்ணன் குரலை இறக்கினார். "திங்கக்கெழம சாயங்காலம் அவங்க போனதும் கூப்புடு. வண்டி வேணாம்னா அப்பவே டிரைவர்கிட்ட சொல்லிடறேன். இல்லன்னா செவ்வா காலைல பத்து மணிக்கு நான் வண்டியிலயே வரேன். அவ துணிமணி எடுத்து வெச்சிரு, எதுக்கும்."

துணிமணியை வனஜா எடுத்து வைக்கவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து மெத்தையை இழுத்து, உதறி, இரண்டு தூளிகளுக்கு நடுவில் விரித்தார்.

பார்கவி திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருகிறார். வண்டி செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு.